ஸ்டாக்ஹோமில் 5 இரவு: ஹில்டன் பாயிண்டா, ஷெரட்டனா, ஸ்காண்டிக்கா?

நெடுவழி (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. ஜூன் மூன்றாம் வாரம் ஸ்டாக்ஹோம் போகிறோம். புதன் மதியம் இறங்கி, அடுத்த திங்கள் காலை கிளம்புகிறோம். ஆக 5 இரவு. பெரியவர்கள் 2 பேர், 10 வயதுப் பையன் ஒருவன். நடுவில் வரும் வெள்ளிதான் மிட்சம்மர் ஈவ் (ஸ்வீடனின் பெரிய கோடைக் கொண்டாட்ட நாள்).

கையில் இருப்பது ஹில்டன் ஹானர்ஸில் (ஹில்டனின் உறுப்பினர் திட்டம்) கோல்டு ஸ்டேட்டஸும், ரூமுக்குப் பணத்துக்குப் பதில் கொடுக்கக்கூடிய 2,20,000 பாயிண்டும். மேரியட் போன்வாயிலும் (ஷெரட்டன் இதில்தான் சேரும்) கோல்டு, 90,000 பாயிண்ட். ஸ்லுஸ்ஸெனில் உள்ள ஹில்டனையும், சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்து ஷெரட்டனையும் பார்த்து வைத்திருக்கிறேன். ஸ்காண்டிக் ஹோட்டல்களில் விலை குறைவாகத் தெரிகிறது, ஆனால் அங்கே எந்த ஸ்டேட்டஸும் இல்லை.

5 இரவையும் பாயிண்டிலேயே போட்டுவிடலாமா, பாதிக்குப் பணம் கட்டலாமா? காலை உணவு மூன்று பேருக்கும் கிடைக்குமா? மிட்சம்மருக்கு ஊரே மூடிவிடும் என்கிறார்களே, எந்த அளவுக்கு?

கணக்கன்

முதலில் ஒரு விஷயம். ஸ்டாக்ஹோம் பிசினஸ் ஊர். சாதாரணமாகச் செவ்வாய், புதன் இரவுகளில் விலை உச்சத்தில் இருக்கும், வெள்ளி முதல் ஞாயிறு வரை இறங்கும். மிட்சம்மர் வாரத்தில் இந்த இறக்கம் இன்னும் அதிகம், ஏனென்றால் மாநாடு, மீட்டிங் எதுவும் இருக்காது. ஊர்க்காரர்களும் கிராமத்து வீடுகளுக்குப் போய்விடுவார்கள். அதனால் "5 இரவுக்கு மொத்தம் எவ்வளவு" என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஒவ்வொரு இரவுக்கும் தனித்தனியாகத் தேடி, பண விலையையும் பாயிண்ட் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

உங்கள் தேதிக்கு என்ன விலை வருமோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்; இங்கே கணக்குக்காக ஒரு விலை வைக்கிறேன். புதன் 2,600 குரோனா (ஸ்வீடன் நாணயம்), வியாழன் 2,200, வெள்ளி, சனி, ஞாயிறு தலா 1,500. மொத்தம் 9,300. பாயிண்டில் ஒவ்வொரு இரவும் 50,000.

ஹில்டனில் சில்வர் (கோல்டுக்குக் கீழ்ப்படி) முதல் மேலே உள்ள எல்லோருக்கும் ஸ்டாண்டர்டு ரூம் ரிவார்டாக (பாயிண்டுக்குக் கிடைக்கும் சாதாரண ரூம்) தொடர்ந்து 5 இரவு எடுத்தால் 5-ஆவது இரவுக்குப் பாயிண்ட் கிடையாது. அப்படியென்றால் 2,00,000 பாயிண்டுக்கு 9,300 குரோனா, ஆயிரம் பாயிண்டுக்கு 46.50. புதன், வியாழன் மட்டும் பாயிண்டில் எடுத்தால் ஆயிரத்துக்கு 48. வார இறுதி 3 இரவை மட்டும் பாயிண்டில் எடுத்தால் 30 தான், அது வீண்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த இலவச இரவு வார இறுதியின் மலிவை ஏறக்குறைய ஈடுகட்டிவிடுகிறது என்பது. முதல் 2 இரவுக்கு மேல் நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது 1,00,000 பாயிண்ட், அதற்குக் கிடைப்பது 4,500 குரோனா மதிப்புள்ள 3 இரவு. ஆயிரத்துக்கு 45. மறுபக்கம், அந்த 3 இரவுக்குப் பணம் கட்டினால் பாயிண்ட் சேரும். வரி நீங்கிய வாடகையில் ஒரு டாலருக்கு 10 அடிப்படைப் பாயிண்ட், கோல்டுக்கு அதன்மேல் 80 சதவீதம் போனஸ், ஆக 18. 4,500 குரோனாவில் 12 சதவீத வரியைக் கழித்து, டாலருக்குச் சுமார் 10 குரோனா என்று வைத்தால் 7,200 பாயிண்ட் வரும். அவ்வளவுதான். அடுத்து ஒரு பயணத்துக்கு அந்த 1 லட்சம் பாயிண்ட் வேண்டும் என்றால் கலந்து போடுங்கள். இல்லையென்றால் 5 இரவையும் பாயிண்டில் முடித்துவிடுவதுதான் என் கருத்து.

எங்கே சிக்கும் என்றால், 5 இரவிலும் "ஸ்டாண்டர்டு ரூம் ரிவார்டு" திறந்திருக்க வேண்டும். ஓர் இரவு, பெரும்பாலும் புதன், பிரீமியம் ரிவார்டாக மாறியிருந்தால் இலவச இரவு போய்விடும், பாயிண்டும் தாறுமாறாக ஏறும். தேடும்போது தொடக்கத்திலேயே 2 பெரியவர், 1 குழந்தை என்று போடுங்கள். 2 பேருக்குத் தெரிகிற ஸ்டாண்டர்டு ரூம் 3 பேர் என்றதும் காணாமல் போவது ரொம்பச் சாதாரணம். 2 பேருக்குப் போட்டுவிட்டு மூன்றாமவரோடு போய் நிற்பது அங்கே செல்லுபடியாகாது. ஒரு ரூமுக்கு இத்தனை பேர் என்பதைத் தீ பாதுகாப்புக்காகக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். பெரிய ரூமுக்கு அன்றைய விலையில் வித்தியாசம் கட்டச் சொல்லலாம்.

நெய்தல்

காலை உணவு பற்றி. ஹில்டன் கோல்டும் மேரியட் கோல்டும் இந்த விஷயத்தில் ஒன்றல்ல. ஹில்டன் கோல்டுக்கு அமெரிக்காவுக்கு வெளியே உள்ள ஹில்டனில் உறுப்பினருக்கும் அதே ரூமில் தங்கும் இன்னொருவருக்கும் காலை உணவு உண்டு, பாயிண்டில் தங்கினாலும் உண்டு. மூன்றாமவர் உங்கள் பையன். அவனுக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். வயதைச் சொல்லி முன்பே மெயிலில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸிக்யூட்டிவ் லவுஞ்ச் (ஹோட்டலுக்குள் உள்ள தனி ஓய்வுக்கூடம்) கோல்டுக்கு இல்லை, அதற்கு மேலே உள்ள டயமண்டிலிருந்துதான்.

மேரியட் கோல்டுக்குக் காலை உணவும் இல்லை, லவுஞ்சும் இல்லை. அது 50 இரவு தங்கி வரும் பிளாட்டினத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே ஷெரட்டனை ஒப்பிடும்போது 3 பேர், 5 நாள் காலை உணவையும் சேர்த்துக் கூட்டுங்கள். உங்கள் 90,000 பாயிண்டுக்கு அங்கே 5 இரவு வருவதற்கு வழியில்லை. மேரியட்டில் 5 இரவு எடுத்தால் பாயிண்ட் குறைவான இரவு இலவசம் என்பது ஸ்டேட்டஸ் இல்லாதவர்களுக்கும் பொருந்தும், ஆனால் மற்ற 4 இரவுக்கும் பாயிண்ட் இருக்க வேண்டுமே. 2 ஹோட்டலாகப் பிரிப்பதும் வேண்டாம். பெட்டி, பையனோடு மிட்சம்மர் நாளில் ஹோட்டல் மாறினால் அரைநாள் போய்விடும். மேரியட் பாயிண்டைத் தொடாமல் விடுங்கள்.

பிளாட்டினம் உள்ளவர்கள் இந்த இழையைப் படித்தால், ஷெரட்டன் உங்களுக்கு நல்ல தேர்வு. டெகெல்பாக்கெனில், ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான். தண்ணீர்ப் பக்க ரூமில் ரிட்டார்ஃபியார்டன் நீர்ப்பரப்பும் கம்லா ஸ்தான் என்ற பழைய நகரமும் தெரியும். ஆனால் அந்தப் பக்கம்தான் ரயில் பாதையும் சென்ட்ரல் பாலச் சாலையும். காட்சியா, தூக்கமா என்று முடிவு செய்துகொண்டு மேல் மாடியைக் கேளுங்கள்.

இன்னொன்று: எந்தச் செயினாக இருந்தாலும் புக்கிங் தளங்கள் வழியாகப் போட்டால் பாயிண்டும் சேராது, ஸ்டேட்டஸ் சலுகைக்கும் உத்தரவாதம் இல்லை. நேராகச் செயினின் தளத்திலோ ஆப்பிலோ போடுங்கள்.

வடமீன்

ஸ்காண்டிக்கை ஸ்டேட்டஸ் இல்லை என்பதற்காக ஒதுக்காதீர்கள் நண்பரே. வடக்கு நாடுகளின் சொந்தச் செயின்களில் பெரும்பாலான கட்டணங்களில் காலை உணவு எல்லோருக்கும் சேர்ந்தே வருகிறது. ஹில்டனில் கோல்டாக இருந்து பெறுவதை இங்கே ஸ்டேட்டஸ் இல்லாதவரும் பெறுகிறார். ஸ்காண்டிக்கில் 13 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் பெற்றோரின் படுக்கையிலேயே படுத்தால் கட்டணமில்லை, காலை உணவும் சேர்த்தே. உங்கள் பையனுக்கு 10 வயதுதானே, இது நேராகப் பொருந்தும். தனிப் படுக்கை வேண்டுமென்றால் ஃபேமிலி ரூம் எடுங்கள். ஸ்காண்டிக் ஃப்ரெண்ட்ஸில் சேரக் கட்டணமில்லை, சேர்ந்தவுடன் உறுப்பினர் விலை தெரியும்.

ஸ்டேஷனுக்கு எதிரே ஸ்காண்டிக் கான்டினென்டல். ஹோட்டோரியெட் சதுக்கத்தில் ஹேமார்கெட், முன்பு 'பப்' (PUB) என்ற டிபார்ட்மென்ட் ஸ்டோர் இருந்த கட்டடம் (நடிகை கிரேட்டா கார்போ இளம் வயதில் அங்கே வேலை பார்த்தார்). இந்த ஊரில் ஒரு பொறி: நகர மையத்தில் ஜன்னல் இல்லாத ரூம்கள் தாராளம். பட்டியலில் மிக மலிவாக இருப்பது பெரும்பாலும் அதுதான். ரூம் பெயரைத் தாண்டி விவரத்தைத் திறந்து, ஜன்னல் உண்டா, கட்டில் அகலம் எத்தனை சென்டிமீட்டர், எத்தனை சதுர மீட்டர் என்று மூன்றையும் பாருங்கள். 140 சென்டிமீட்டர் கட்டிலில் மூன்று பேர் படுக்க முடியாது.

டபுள் பெட் என்றாலும் பல இடங்களில் 2 ஒற்றை மெத்தையைச் சேர்த்துப் போட்டு, ஆளுக்கொரு போர்வை வைத்திருப்பார்கள். நடுவில் படுக்கும் பிள்ளை இரவெல்லாம் அந்த இடுக்கில் கிடக்கும். புக்கிங்கிலேயே கூடுதல் படுக்கை கேளுங்கள்.

முன்பு நார்டிக் சாய்ஸ் என்று இருந்தது 2023 முதல் ஸ்ட்ராபெரி. அதன் கிளாரியன், குவாலிட்டி, கம்ஃபர்ட் ஹோட்டல்களும் ஊர் முழுக்க உண்டு. கிளாரியன் கலெக்ஷன் என்ற பிரிவில் காலை உணவோடு மாலையில் எளிய இரவு உணவும் வாடகையிலேயே அடங்கும். வெளியே உணவு விலை அதிகமுள்ள ஊரில் இது பெரிய மிச்சம். விடுமுறை நாளில் அந்த உணவு உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேன்மொழி

மிட்சம்மர் விஷயம். ஜூன் 19 முதல் 25-க்குள் வரும் வெள்ளிதான் மிட்சம்மர் ஈவ். அரசு விடுமுறை சனிக்கிழமைதான், ஆனால் ஊர் அடங்குவது வெள்ளி மதியத்திலிருந்தே. சின்ன உணவகங்கள், கடைகள் பல மூடிவிடும், சூப்பர் மார்க்கெட்டுகள் நேரம் குறைத்துத் திறக்கும். வியாழன் மாலையே ரொட்டி, பழம், தயிர் வாங்கி வைத்துவிடுங்கள். ஹோட்டலிடம் மூன்று கேள்வி: வெள்ளி இரவு உங்கள் உணவகம் திறந்திருக்குமா, காலை உணவு நேரம் மாறுமா, லவுஞ்ச் அனுமதி உள்ளவர் என்றால் அது இயங்குமா.

இருக்க வேண்டிய இடம் ஸ்கான்சென். 1891-இல் தொடங்கிய திறந்தவெளி அருங்காட்சியகம், மிட்சம்மர் கம்பம் நட்டு ஆடுவார்கள். இதற்கு ஸ்லுஸ்ஸென் அருமையான இடம். அங்கிருந்து ஸ்கான்சென் இருக்கும் யூர்கோர்டன் தீவுக்கு 82-ஆம் எண் படகு, சாதாரண எஸ்எல் (ஊரின் பொதுப் போக்குவரத்து) டிக்கெட்டே போதும்.

ஆர்லாண்டா விமான நிலையத்திலிருந்து வர: ஆர்லாண்டா எக்ஸ்பிரஸ் சுமார் 18 நிமிடம், விலை அதிகம், ஆனால் பெரியவர்களோடு வரும் சிறுவர்களுக்குக் கட்டணமில்லை, 2 பேர் சேர்ந்து எடுத்தால் ஆளுக்குக் குறையும். 40-ஆம் எண் புறநகர் ரயில் சுமார் 40 நிமிடம்; எஸ்எல் டிக்கெட்டோடு விமான நிலைய ஸ்டேஷன் கட்டணம் தனி. மிக மலிவு 583 பஸ்ஸில் மார்ஸ்டா போய் அங்கிருந்து ரயில். வெறும் எஸ்எல் டிக்கெட் போதும், அது 75 நிமிடத்துக்குச் செல்லுபடியாகும், வழியில் சுணங்கக் கூடாது. சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டிய டி-சென்ட்ராலென் மெட்ரோ நிலையத்திலிருந்து ஸ்லுஸ்ஸென் சிவப்பு அல்லது பச்சைப் பாதையில் 2 ஸ்டேஷன். ஸ்லுஸ்ஸெனில் பல வருடமாகக் கட்டுமான வேலை நடக்கிறது, வாசல்களும் நடைபாதைகளும் மாறிக்கொண்டே இருக்கும்; பெட்டியோடு இறங்கினால் பலகைகளைப் பார்த்து நடங்கள்.

சூரியன் காலை 3:30-க்கே உதிக்கும், இரவு 10-க்கு மேல்தான் மறையும். திரைச்சீலை சரியாக மூடுகிறதா என்று போனதும் பாருங்கள். இடுக்கு இருந்தால் அப்போதே ரூம் மாற்றக் கேளுங்கள்.

நெடுவழி

எல்லோருக்கும் நன்றி. 3 பேருக்கு இப்போது ஹில்டனில் புதன் இரவு மட்டும் ஸ்டாண்டர்டு ரிவார்டு இல்லை, மற்ற 4 இரவும் உண்டு. புதனுக்குப் பணம் கட்டி, மற்றதைப் பாயிண்டில் போடலாமா?

கணக்கன்

அப்படிச் செய்தால் விலை ஏறிய இரவுக்குப் பணம், மலிவான இரவுக்குப் பாயிண்ட், இலவச இரவும் கிடையாது. உங்களுக்குத் தலைகீழ்.

இப்படிச் செய்யுங்கள். வியாழனை மட்டும் பாயிண்டில் தனியாகவும், மற்ற இரவுகளைக் கேன்சல் செய்யக்கூடிய பண விலையிலும் இன்றே பிடித்து வையுங்கள். முன்பணம் கட்டித் திரும்பாத கட்டணம் வேண்டாம். பிறகு வாரம் ஒருமுறை புதன் முதல் திங்கள் வரை 3 பேருக்குத் தேடுங்கள். யாராவது கேன்சல் செய்தால் ஸ்டாண்டர்டு ரூம் திரும்பத் திறக்கும். திறந்ததும் பழைய புக்கிங்குகளைத் தொடாமல் முதலில் 5 இரவு ரிவார்டைப் போட்டு, உறுதி மெயில் வந்தபிறகு பழையவற்றைக் கேன்சல் செய்யுங்கள். இதற்கு 2,00,000 பாயிண்ட் அந்த நேரத்தில் கணக்கில் இருக்க வேண்டும். உங்களிடம் வியாழனுக்குப் போக 1,70,000 தான் இருக்கும் என்பதால், அப்போது மட்டும் வியாழனை முதலில் கேன்சல் செய்து, பாயிண்ட் திரும்பியதைப் பார்த்துவிட்டு உடனே போட வேண்டும். இந்த இடைவெளி வேண்டாம் என்றால் வியாழனையும் இப்போதைக்குப் பணத்திலேயே பிடித்து வையுங்கள், அதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கேன்சல் கெடு ஸ்டாக்ஹோம் நேரப்படி. கடைசிவரை திறக்காமல் தனித்தனி புக்கிங்குகளோடு போவதாக இருந்தால் 3 விஷயம். எல்லாமே கோல்டு உள்ளவரின் பெயரிலும் ஹானர்ஸ் எண்ணிலும் இருக்க வேண்டும். ஒன்று வாழ்க்கைத் துணையின் பெயரில் போனால் அந்த இரவுகளுக்குக் காலை உணவு கிடைக்காது. ஒவ்வொன்றிலும் 3 பேர் பெயரும் இருக்கட்டும், ஷெங்கன் விசாவுக்குக் காட்டவும் அது உதவும். கிளம்புவதற்குச் சில நாள் முன்பு புக்கிங் எண்களை எழுதி, "ஒரே ரூமில் தொடர வையுங்கள்" என்று ஹோட்டலுக்கு மெயில் போடுங்கள்.

நெய்தல்

ஒரு சேர்க்கை. பாயிண்டில் தங்கினாலும் செக்-இன்னில் கார்டு கேட்டு ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். டெபிட் அல்லது ப்ரீபெய்டு கார்டு கொடுத்தால் அந்தத் தொகை விடுபடச் சில நாள் ஆகலாம், அதுவரை அந்தப் பணம் உங்களுக்கு இல்லை. கிரெடிட் கார்டைக் கொடுங்கள். ரொக்கத்தை நம்பிப் போகாதீர்கள், ஸ்டாக்ஹோமில் பல இடங்களில் வாங்கவே மாட்டார்கள்.