ஊட்டி காந்தல் வீட்டுக் குழுவில் குட்டிக் கோஸ்

டிசம்பர் 22

முத்தோரை அண்ணி: அம்மா, ஒன்றரை கிலோ ஸ்ப்ரவுட்ஸ் பறித்து வைத்திருக்கிறோம். நாளை காலை பஸ்ஸில் டிரைவரிடம் கொடுத்துவிடுகிறேன். ஊட்டி பஸ் ஸ்டாண்டில் யாராவது போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர்: ஐயோ, இந்த வருஷமுமா? போன கிறிஸ்துமஸ் நாற்றம் ஹால் திரைச்சீலையில் இன்னும் இருக்கிறது.

அத்தை: சும்மா இரு. மேசையில் அது இல்லாவிட்டால் தாத்தாவுக்குப் பண்டிகையே இல்லை.

நான்: முளைகட்டிய பயறுதானே அத்தை? இங்கேயே ஊறப்போட்டுவிடலாமே, அது எதற்கு பஸ்ஸில்?

வீட்டுக்காரர்: விருதுநகரில் பெண் எடுத்தால் இப்படித்தான்.

முத்தோரை அண்ணன்: படம் போட்டிருக்கிறேன், பாருங்கள் தங்கச்சி. இது பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ். புத்தகத் தமிழில் களைக்கோசு. நாங்கள் வீட்டில் குட்டிக் கோஸ் என்போம். முட்டைக்கோஸ் மாதிரி தரையில் உட்காராது. இடுப்பு உயரத்துக்குத் தண்டு நிற்கும். ஒவ்வோர் இலையும் தண்டோடு சேரும் இடத்தில் ஓர் உருண்டை. அடியில் இருப்பது முதலில் முற்றும், அதனால் கீழிருந்து மேலே பறித்துக்கொண்டே போவோம்.

நான்: எலுமிச்சை அளவுக்குக் கோஸா! பொம்மை வீட்டுக்கு வாங்கினது மாதிரி இருக்கிறது. இதை எப்படிச் சமைப்பது?

அத்தை: அப்பா, அதான் உங்கள் தாத்தா, சொல்கிறார், அப்படியே எழுதுகிறேன். அடியில் கத்தியால் சிலுவை மாதிரி கீறு. உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் வேக வை. வடித்து, வெண்ணெயும் மிளகுத்தூளும் போடு. வெலிங்டன் பங்களாவில் துரைக்கு இப்படித்தான் செய்வேன்.

வீட்டுக்காரர்: அதனால்தான் துரை மூட்டையைக் கட்டினாரோ என்னவோ.

தம்பி: அரை மணி நேரமா! எங்கள் ஹோட்டல் கிச்சனில் அப்படிச் செய்தால் செஃப் என்னையும் சேர்த்து வடித்துவிடுவார். அண்ணி, அந்த நாற்றத்துக்குக் காரணமே அதுதான். கோஸ் வகை எல்லாவற்றிலும் கந்தகச் சத்து உண்டு. கடுகின் காரமும் அதே சங்கதிதான். கொஞ்ச நேரம் சூடு காட்டினால் ஒன்றும் தெரியாது. போட்டு வேக வைத்துக்கொண்டே இருந்தால் அழுகிய முட்டை வாடை வரும்.

நான்: ஆனால் தம்பி, இந்த ஊரில் பருப்பே குக்கர் இல்லாமல் வேக மாட்டேன் என்கிறது. வந்த புதிதில் நான் அழாத குறை.

தம்பி: அதுவும் சரிதான். ஊட்டி 2240 மீட்டர் உயரம். தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் ஏறாது. தாத்தாவின் வெலிங்டனிலும் கிட்டத்தட்ட அதே கதை. அவர் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனது அதனால்தான் இருக்கும். தண்ணீரே வேண்டாம். எண்ணெய்க்கு உயரம் கணக்கில்லை. இரும்புக் கல்லில் போடுங்கள்.

வீட்டுக்காரர்: எப்படிப் போட்டாலும் கசப்புதானே?

தம்பி: நீ சின்ன வயதில் சாப்பிட்டதை வைத்துச் சொல்கிறாய். 1990களில் நெதர்லாந்தில் ஹான்ஸ் வான் டோர்ன் என்ற ஆய்வாளர் எந்தச் சத்துகளால் கசக்கிறது என்று கண்டுபிடித்தார். அப்புறம் விதைக் கம்பெனிகள் கசப்புக் குறைவான பழைய ரகங்களைத் தேடி எடுத்து, நன்றாக விளையும் புது ரகங்களோடு கலப்பினம் செய்தன. இப்போது வரும் ரகங்கள் அவ்வளவு கசப்பதில்லை.

முத்தோரை அண்ணன்: விதை ஒரு பக்கம். பனியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் மச்சான். நான்கு நாளாகக் காலையில் புல்லெல்லாம் வெள்ளை. தலைகுந்தாவில் கார் கண்ணாடியைச் சுரண்டுகிறார்கள். என் உருளைக்கிழங்குச் செடி கருகிவிட்டது, பக்கத்துத் தோட்டத்தில் தேயிலையும் போச்சு. இந்தக் காய் மட்டும் குளிர் பட்டால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி வைத்துக்கொள்ளும். நேற்று ஒன்றைப் பச்சையாகவே கடித்தேன், இனிக்கிறது.

நான்: ஒரு விஷயம் கேட்க வேண்டும். தாத்தா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரைதானே சாப்பிடுகிறார்?

அத்தை: ஆமாம், ஏன்?

நான்: மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்த பழக்கம் அத்தை. இந்த மாதிரிப் பச்சைக் காயில் வைட்டமின் கே அதிகம். திடீரென்று ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டால் அந்த மாத்திரையின் வேலை குறைந்துவிடும். நாளைக்கு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர்: பயறு என்று சொன்னவள் இவள்தானா?

டிசம்பர் 23

அத்தை: டாக்டர் மூன்று நான்கு சாப்பிடலாம், அதற்கு மேல் வேண்டாம் என்றார். அப்பாவிடம் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான்: பை வந்துவிட்டது. கொஞ்சம் எடுத்து ஒத்திகை பார்த்தேன். சொதப்பல். கல் நிறையப் போட்டுக் கிளறிக்கொண்டே இருந்தேன், தண்ணீர் விட்டுக்கொண்டு தொளதொளவென்று ஆகிவிட்டது. மூடியும் போட்டேன். திரைச்சீலையைக் கழற்றித் துவைக்கப் போட்டிருக்கிறேன்.

தம்பி: கிளறியதுதான் தப்பு அண்ணி. அடியைச் சீவி, பழுத்த இலையை உரித்து, உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போடுங்கள், அசுவினிப் பூச்சி இருந்தால் மிதக்கும். துணியில் நன்றாகத் துடைத்து ஈரம் போக்குங்கள். சிலுவைக் கீறல் வேண்டாம், அந்தக் கீறல் வழியாகத்தான் தண்ணீர் ஏறும். இரண்டாக வெட்டி, காய்ந்த கல்லில் எண்ணெய் விட்டு, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி ஒரே வரிசையாக அடுக்கி, ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அடி முறுகியதும் திருப்பி, ஒரு கை தண்ணீர் தெளித்து ஒரே நிமிடம் மூடி, திறந்துவிடுங்கள். எலுமிச்சம்பழம் அடுப்பை அணைத்த பிறகுதான், முன்னாலேயே பிழிந்தால் பச்சை மங்கிவிடும்.

முத்தோரை அண்ணி: நான் மலைப்பூண்டைத் தட்டிப் போடுவேன். இங்கிலீஷ்காரர்கள் இதோடு செஸ்ட்நட் சேர்ப்பார்களாம். நமக்கு முந்திரி போதும்.

நான்: கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கடைசியில் ஒரு கை தேங்காய்?

தம்பி: செஃப் திட்டுவார். ஆனால் நானும் அப்படித்தான் சாப்பிடுவேன். நாளை ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறுகிறேன், எனக்கு எடுத்து வையுங்கள்.

அத்தை: பிரியாணிக்குப் பக்கத்தில் கோஸ் பொரியலா? அப்பா என்ன சொல்வாரோ.

டிசம்பர் 25

வீட்டுக்காரர்: ராத்திரிப் பூசை முடிந்து வந்து படுத்தால் ஆறு மணிக்கு அடுப்படியில் சத்தம். அம்மாவும் இவளும் இரண்டு கல் போட்டு வரிசை வரிசையாக அடுக்குகிறார்கள். நாற்றம் இல்லை. பூண்டு வாசனைதான்.

நான்: தாத்தாவுக்கென்று நான்கு மட்டும் தனியாக, அவர் சொன்னபடி கீறல் போட்டு வேக வைத்து, வெண்ணெய் போட்டேன். அரை மணி நேரம் இல்லை, எட்டு நிமிடம். அதை அவரிடம் சொல்லவில்லை.

முத்தோரை அண்ணி: நாங்கள் லவ்டேல் தாண்டிவிட்டோம். சாப்பிட்டாரா?

அத்தை: எங்கே! தன் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, பொரியலில் நான்கு பாதியை எண்ணி எடுத்தார். அப்புறம், அது பாதிதான், கணக்குக்கு இன்னும் நான்கு வர வேண்டும் என்றார். கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, பாவம் துரை, என்றார்.

தம்பி: மேட்டுப்பாளையம் வந்தாச்சு. மிச்சம் இருக்கிறதா?

வீட்டுக்காரர்: எலுமிச்சம்பழம் இருக்கிறது.

முத்தோரை அண்ணன்: தம்பிக்கென்று தண்டோடு ஒன்று வெட்டிக் கொண்டு வருகிறேன், கவலை வேண்டாம். உருண்டைகளைப் பறித்ததும் தண்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மாட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும்.