வறண்ட மாதங்களில் செம்மறிக் குட்டிகளுக்கு என்ன பயிரிடலாம்?

வணக்கம். பினாங்கின் நிபோங் திபாலில் செம்மறி வளர்க்கிறோம். ஆண்டுத் தொடக்கத்தில் மழை குறைந்ததும் நேப்பியர் புல் முற்றித் தண்டாகிவிடுகிறது; குட்டிகளுக்கு எடை ஏறுவதில்லை. செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கைக் கூட்டச் சொல்கிறார்கள். எனக்கு அதில் துணிவில்லை. அதிலுள்ள செம்புச் சத்து அளவு மீறினால் ஈரலில் சேர்ந்து செம்மறியைக் கொன்றுவிடும். வெள்ளாடு தாங்கும் அளவைச் செம்மறி தாங்காது.

நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவில் கோடைக்கென்றே சிக்கரிக் கீரை, குதிரைமசால் (லூசர்ன்), கடுகு இனமான ரேப் ஆகியவற்றை விதைத்துக் குட்டிகளை மேய்க்கிறார்கள். காய்ந்த புல்லைவிட இவை எளிதில் செரிப்பதால் வளர்ச்சி வேகமாக இருக்கும். ஆனால் கறியின் மணம் மாறக்கூடும். குதிரைமசாலின் புரதம் இரைப்பையில் விரைவாகச் சிதையும்போது ஸ்கேட்டோல் என்ற வாடைப் பொருள் உண்டாகிக் கொழுப்பில் தங்குகிறது. ரேப் மேய்ந்த கறிக்கும் தனி வாடை உண்டு. நம் மக்கள் கல்யாண விருந்துக்கு வாங்கும் கறியில் அந்த வாடை வரவே கூடாது.

செபராங் பிறை, கெடா பக்கம் யாராவது சிக்கரி போட்டுப் பார்த்தீர்களா? நம் வெக்கையில் நிற்குமா? மல்பெரி, அகத்தித் தழை கொடுத்தவர்களுக்கு எடையும் கறியும் எப்படி அமைந்தன? அறுப்புக்கு எவ்வளவு காலம் முன்பு தீவனத்தை மாற்ற வேண்டும்? அனுபவமுள்ள அண்ணன்மார், அக்காமார் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள். அடுத்த வறட்சிக்கு முன் விதைத்தாக வேண்டும்.