காற்றில் போகும் குப்பைக்கு ஒரு சொல்

அடுக்குமாடிகளில் போடும் குப்பைப் பையை நிலத்தடிக் குழாய் வழியே காற்றாலேயே சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகும் அமைப்பு ஒன்று உண்டு, ஆங்கிலத்தில் pneumatic waste conveyance system. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே பேச்சு.

> 'வளிமக் கழிவு கடத்தல் அமைப்பு' என்றே வைத்துவிடலாமே, என்ன குறை?

குறை 'கழிவு'தான். கழிவுக்குழாய் என்று வீட்டில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், கழிவறைப் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே குழாயில் போவது சாக்கடை இல்லை, பையில் கட்டிய உலர்ந்த குப்பை. அந்த வேறுபாடு சொல்லிலேயே தெரியாவிட்டால் அப்புறம் அடிக்குறிப்புதான் போட வேண்டும். 'கடத்தல்' பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, போலீஸ் வந்துவிடும்.

> அப்படியானால் 'காற்றழுத்தக் குப்பைக்குழாய்'?

'குப்பை' சரி, 'அழுத்தம்' சரியில்லை. நாம் போட்ட பை குழாயின் அடியில் ஒரு வால்வு மேல் உட்கார்ந்திருக்கும். குறித்த நேரத்திலோ, நிறைந்துவிட்டது என்று உணரி (சென்சார்) சொன்னாலோ, தொலைவில் உள்ள சேகரிப்பு நிலையத்தில் பெரிய விசிறிகள் ஓடத் தொடங்கும், வால்வு திறக்கும், பை மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் நிலத்தடிக் குழாய் வழியே அங்கே போய் விழும், கூட வந்த காற்றை வடிகட்டி வெளியே விடுவார்கள். பின்னாலிருந்து யாரும் தள்ளுவதில்லை, முன்னாலிருந்து இழுக்கிறார்கள். ஆகவே உறிஞ்சுதல்.

இதை முதலில் செய்த ஸ்வீடன்காரர்களும் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். 1961இல் சோலெஃப்டியோ ஊர் மருத்துவமனையில் போட்டார்கள். அவர்கள் மொழியில் இதற்குப் பெயர் 'சூப்சூக்', முதல் பாதி குப்பை, அடுத்த பாதி உறிஞ்சல், அவ்வளவுதான். (நமக்கு என்னவோ ஹோட்டல் மெனுவில் உள்ளதுபோல் கேட்கிறது.) இரண்டே அசையில் முடித்துவிட்டார்கள், நாம் நான்கு சொல்லை அடுக்கிக்கொண்டிருக்கிறோம்.

என் பரிந்துரை: குப்பை உறிஞ்சுகுழாய். இளநீர் குடிக்கும் உறிஞ்சுகுழல் நினைவுக்கு வருமே என்று ஒருவர் கேட்பார். வரட்டும், வேலை செய்யும் விதம் அதேதானே. 'குப்பையுறிஞ்சி' என்று இன்னும் சுருக்கலாம், ஆனால் தூசு உறிஞ்சி மாதிரி கையில் பிடிக்கும் கருவி என்று தோன்றும். 'குப்பையுறி' என்று வெட்டினால் பானை தொங்கும் உறி ஆகிவிடும், அது வேண்டாம்.

சிங்கப்பூரில் 500 அல்லது அதற்கு மேல் வீடுகள் கொண்ட புதிய தனியார் அடுக்குமாடிகளுக்கு 2018 ஏப்ரல் முதல் இது கட்டாயம். தமிழ் ஆட்சிமொழியாக உள்ள நாடு அது. அங்கே ஒரு பாட்டியிடம் பேரன் "கீழே போய் உறிஞ்சுகுழாயில் போட்டுட்டு வரேன்" என்று சொன்னால் பாட்டிக்குப் புரிய வேண்டும், என் அளவுகோல் அதுதான். வாயுவைக் குறிக்கும் 'வளிம' அதில் தேறாது.

இன்னொன்று பாக்கி. பையைப் போடும் அந்தத் திறப்புக்கும் ஒரு சொல் வேண்டும். 'குப்பைவாய்' என்று எழுதி வீட்டில் படித்துக் காட்டினேன், யாரைத் திட்டுகிறாய் என்று கேட்டார்கள். வேறு யாரிடமாவது இருக்கிறதா?