வன்னியில் இருந்துகொண்டு மருத்துவ, உயிரியல் மென்பொருள் வேலைக்கு மாற முடியுமா?

கனகராயன்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சி இராமநாதபுரம் என் ஊர். அங்கே அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடத்தில் கணினிப் பொறியியல் படித்து முடித்துவிட்டு மூன்று வருடமாகக் கொழும்பில் ஒரு கொம்பனியில் வேலை செய்கிறேன். வெள்ளவத்தையில் அறை. இணையக் கடை ஒன்றுக்குப் பணம் செலுத்தும் பகுதியை எழுதுகிறோம். வேலையிலும் சம்பளத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அப்பாவுக்குச் சிறுநீரக வருத்தம். மாதம் ஒருமுறை கிளினிக். போன மாதம் லீவில் நின்றபோது நானே கூட்டிக்கொண்டு போனேன். அம்மா கிளினிக் கொப்பியை சொப்பிங் பையில் இரண்டு சுற்றுச் சுற்றித் தந்தார். வரிசையில் இருந்தபோது அதைப் புரட்டிப் பார்த்தேன். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் என்ற இரத்தப் பரிசோதனையின் அளவுகள் பக்கம் பக்கமாக, ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கையெழுத்தில். ஒரு பக்கம் எப்போதோ மழையில் ஊறி மை கரைந்துவிட்டது. அதில் இருந்த மூன்று மாத அளவுகள் வேறெங்கும் இல்லை. வைத்தியர் முந்திய அளவைத் தேடி விரலால் தாள் தாளாகப் புரட்டினார். வெளியே அறுபது பேர் இருந்தார்கள்.

அன்றிலிருந்து மனம் இந்தப் பக்கமே நிற்கிறது. மருத்துவமனை, ஆய்வுகூடம், மருந்து, பயிர் ஆராய்ச்சி, எதுவானாலும் சரி, இந்தத் துறைக்கு மென்பொருள் எழுத வேண்டும். ஆனால் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. சாதாரணதர விஞ்ஞானத்துக்கு மேல் உயிரியல் தெரியாது. முதுமாணி செய்ய வேண்டுமா? சம்பளம் விழுமா? ஊரில் இருந்தபடியே செய்யலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓமந்தைப் பாதை:

தம்பி, உள்ளதைச் சொல்கிறேன். வன்னியில் அப்படி ஒரு தொழிற்துறை இன்னும் இல்லை. படிப்பு இருக்கிறது: அறிவியல் நகரில் விவசாய பீடமும் தொழில்நுட்ப பீடமும் உண்டு, பம்பைமடுவில் இருந்த வளாகம் 2021 ஓகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகமாகிவிட்டது. சம்பளம் தரும் இடங்கள்தான் தூரம். நாட்டுக்குத் தேவையான மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி. இங்கே செய்வதும் இரத்மலானையில் அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம், மேல் மாகாணத்துத் தனியார் ஆலைகள் என்று தெற்கிலேயே நடக்கிறது. வைத்தியசாலை மென்பொருள் செய்பவர்களும் கொழும்பில்தான். கொழும்பை விட்டு உடனே கிளம்ப வேண்டாம். அங்கேயே துறையை மாற்றி இரண்டு வருடம் நின்றுவிட்டு ஊருக்கு வாருங்கள். நான் அப்படிச் செய்யாமல் ஒரு வருடம் வீட்டில் இருந்தேன்.

பாலைப்பழம்:

தம்பி, நான் வவுனியாவில் வீட்டில் இருந்து வேலை செய்கிறேன். ஒன்பது வருடமாக மருந்துத் தரப் பரிசோதனை ஆய்வுகூடங்களுக்கான மென்பொருள். முதல் ஐந்து வருடம் கொழும்பில். மேலே ஓமந்தை அண்ணா சொன்ன வழி சரியானது. நான் வேறொன்றைச் சொல்ல வருகிறேன்.

உங்களுக்கு உயிரியல் தெரியாதது பெரிய தடை இல்லை. தேவையானதை வேலையில் கற்கலாம். ஒரு தரவு எங்கே, யார் கையில், எந்த நிலையில் பிறக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் தடை. எனக்கு அது வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே புரிந்தது. ஒரு மாத்திரைத் தொகுதி எவ்வளவு கரைகிறது என்று பார்க்கும் சோதனையின் முடிவில் தசமப்புள்ளி தவறி விழுந்திருந்தது. கடையில் விலையைத் திருத்துவதுபோல, தரவுத்தளத்தில் ஒரு வரிக் கட்டளையால் சரியான எண்ணைப் போட்டுவிட்டேன். பின்னேரம் தர உறுதிப் பிரிவில் இருந்து அழைப்பு வந்தது. பிழையான எண்ணும் ஒரு பதிவு, அதை அழிக்க எனக்கு உரிமை இல்லை. பழைய எண், புதிய எண், மாற்றியவர், நேரம், காரணம் எல்லாம் நிற்க வேண்டும். அமெரிக்காவுக்கு மருந்து விற்பவர்களுக்கு '21 சி.எஃப்.ஆர். பார்ட் 11' என்ற விதி 1997 முதல் இதைத்தான் கேட்கிறது: மாற்றம் முன்பிருந்ததை மறைக்கக் கூடாது. அந்த ஒரு வரிக்காக நானும் எங்கள் குழுவும் மூன்று கிழமை விளக்க அறிக்கை எழுதினோம்.

பணம் செலுத்தும் பகுதியில் வேலை செய்தவருக்கு இந்தப் பழக்கம் பாதி இருக்கும். கணக்குப் புத்தகத்தில் அழிப்பதில்லை, எதிர்ப்பதிவு போடுகிறோம் அல்லவா? நேர்முகத்தில் அதையே சொல்லுங்கள்.

இன்னொன்று, நீங்கள் வன்னிப் பிள்ளை. அதை இந்த வேலையில் பெரிய பலமாக நினைக்கிறேன். எங்கள் பக்கத்து வயதானவர்கள் பலரிடம் பிறப்புப் பத்திரம் இல்லை. இடப்பெயர்வில் தொலைத்துவிட்டு உத்தேச வயதுப் பத்திரத்தோடு இருக்கிறார்கள். பிறந்த திகதி கட்டாயம் என்று திரை கேட்டால், பதிபவர் ஜனவரி 1 என்று போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று மதிப்பிடும் சூத்திரம் கிரியாட்டினினோடு வயதையும் எடுக்கிறது. ஆகவே வயது ஊகமா உறுதியா என்பது வைத்தியருக்குத் தெரிய வேண்டும். மருத்துவத் தரவைப் பரிமாறும் 'ஃபயர்' தரநிலையில் பிறந்த திகதிக்கு ஆண்டை மட்டும் கொடுக்க இடம் உண்டு. ஆனால் திரை செய்கிற பலர் அந்த இடத்தை அடைத்துவிடுகிறார்கள். பெயரும் அப்படித்தான். 'கொழுந்து' என்று முடியும் பெயரில் ழகரத்துக்கு ஒருவர் ஆங்கிலத்தில் எல் போடுவார், இன்னொருவர் இசட் எச் போடுவார். அடையாள அட்டையில் பழைய இலக்கம் ஒன்பது எண்ணும் ஓர் எழுத்தும், 2016க்குப் பிறகு வந்தது பன்னிரண்டு எண். ஒரே அம்மா மூன்று பேராகப் பதிவாகி இருப்பார்.

படிப்பைப் பற்றி. முதுமாணி உடனே வேண்டாம். சுகாதாரத் தரவைச் சேர்த்துப் பார்க்கும் டி.எச்.ஐ.எஸ். 2 என்ற திறந்த மூல மென்பொருளை இறக்கி உங்கள் கணினியில் ஓட்டிப் பாருங்கள். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது, பின்னால் ஜாவா, முன்னால் ரியாக்ட். 2020 ஜனவரியில் கொவிட்டைக் கண்காணிக்க அதில் முதலில் அமைப்புச் செய்தது இலங்கைதான், அப்புறம் பல நாடுகள் எடுத்துக்கொண்டன. மரபணுப் பக்கம் ஆர்வம் வந்தால் உயிரியல் கணக்குகளை நிரல் எழுதித் தீர்க்கப் பழக்கும் ரோசலின்ட் தளத்தின் கணக்குகளைப் பைத்தனில் போடுங்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 2009 முதல் வைத்தியர்களுக்கு உயிர்மருத்துவத் தகவலியல் கற்பிக்கிறது. அப்படிப் படித்த ஒரு வைத்தியரைத் தேடிப் பிடியுங்கள்.

சம்பளம் எனக்கு முதலில் குறைந்தது. ஒன்றரை வருடத்தில் பழைய இடத்துக்கு வந்தது. வீட்டில் இருந்து செய்வதென்றால் பைபர் இணைப்போடு இன்வேட்டரும் வேண்டும். சரிபார்ப்புச் சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றால் முதல் படியில் இருந்து திரும்பச் செய்ய வேண்டும்.

ஸ்லைட் பெட்டி:

அக்கா சொன்னதற்கு மேல் ஆய்வுகூடத்துக்குள் இருந்து கொஞ்சம் சொல்கிறேன். நான் எம்.எல்.ரி., அதாவது மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். வன்னியில்தான் அதிக காலம் வேலை செய்தேன்.

குளிர்பெட்டியில் இருந்து எடுத்த இரத்தக் குழாய் வியர்க்கும். பார்கோட் ஒட்டி சுருங்கி விளிம்பு எழும்பும், கருவி வாசிக்காது. கையுறையோடு இலக்கத்தைத் தட்ட வேண்டும், திரையில் அதற்கான பெட்டியோ சுண்டுவிரல் நகமளவு. கணினித் திரையைக் கதிரையில் அமர்ந்து வரைந்தவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

உடலில் அழற்சி உண்டா என்று காட்டும் சீ.ஆர்.பி. இரத்தப் பரிசோதனையின் முடிவு பல நேரம் '6ஐ விடக் குறைவு' என்றுதான் வரும். ஒரு மென்பொருள் எண்ணைத் தவிர வேறொன்றையும் ஏற்காது. இரவுக் கடமையில் இருந்த பிள்ளை வெறும் 6 என்று போட்டது. காலையில் வைத்தியர் அதை 6 என்றே வாசித்தார். அன்று யாருக்கும் தீங்கு நேரவில்லை. ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை.

மலேரியாவில் இன்னொன்று கற்றேன். ஒரு காலத்தில் எங்கள் பக்கம் காய்ச்சல் என்றாலே, நுணுக்குக்காட்டியில் பார்க்க ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி ஸ்லைட் எடுத்தோம். உள்நாட்டிலேயே பரவி வந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. வெளிநாட்டில் இருந்து நோயோடு வருபவர்கள் உண்டு என்பதால் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதில் பூச்சியமும் வெறுமையும் ஒன்றல்ல. பூச்சியம் என்றால் பார்த்தோம், இல்லை. வெறுமை என்றால் பார்க்கவே இல்லை, அல்லது அனுப்பவில்லை. இரண்டையும் ஒரே நிறத்தில் காட்டுகிற வரைபடத்தை நான் நம்புவதில்லை.

தம்பி, லீவில் வரும்போது உங்கள் வைத்தியசாலைப் பணிப்பாளருக்குக் கடிதம் கொடுத்து அனுமதி கேளுங்கள். நோயாளர் விபரம் எதையும் படமெடுக்காதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சுகாதாரத் தரவுக்குத் தனிக் கவனம் இருக்கிறது. ஒரு முழுக் காலை மாதிரி வாங்கும் யன்னலோரம் நின்று பாருங்கள், போதும்.

கனகராயன்கரை:

மூவருக்கும் நன்றி. கடிதத்தை எழுதிவிட்டேன், அடுத்த லீவில் கொடுப்பேன். கொழும்பை இப்போது விடவில்லை, இங்கேயே ஆய்வுகூட மென்பொருள் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன்.

அம்மாவைக் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். நேற்றிரவு அளவுகளை ஓர் அட்டவணையில் ஏற்றினேன். மாதம் மட்டும் வாசிக்கக்கூடிய இடங்களில் மாதத்தை மட்டும் போட்டேன், 1ஆம் திகதி என்று நிரப்பவில்லை. கரைந்த பக்கத்தின் மூன்று மாதத்தையும் வெறுமையாகவே விட்டிருக்கிறேன். சரியா அக்கா?

பாலைப்பழம்:

சரி. அது அப்பாவின் கொப்பி, அவரிடமும் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொரு நிரல் சேர்த்து, ஒவ்வொரு எண்ணும் கொப்பியின் எத்தனையாம் பக்கத்தில் இருந்து வந்தது என்று எழுதி வையுங்கள்.