ஒரே குழுவில் இருபதும் ஐம்பதும்: வயதைக் கண்டுகொள்ள வேண்டுமா?

கடிகாரமுள்:
பணியிடத்தில் ஒருவரின் வயது ஓய்வூதியக் கணக்குக்கு மட்டும் தேவைப்படும் தகவலாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. எங்கள் குழுத் தலைவருக்கு முப்பத்திரண்டு வயது. அவருக்குக் கீழே ஐம்பத்தாறு வயதில் ஒருவர் பணிபுரிகிறார். அந்த மூத்தவரின் அறிக்கையில் கூட்டுத்தொகை பிழையாக இருந்தால், தலைவர் அதை அவரிடம் சொல்லாமல் இரவில் தாமே திருத்தி அனுப்பிவிடுவார். அதே பிழையை இருபத்துநான்கு வயதுப் பணியாளர் செய்தால், மறுநாள் கூட்டத்தில் அது எல்லோர் முன்னும் திரையில் காட்டப்படும். முதலாவதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் தன் வேலையில் என்ன குறை என்று அறியும் வாய்ப்பே அந்த மூத்தவருக்குக் கிடைப்பதில்லை. ஆண்டு மதிப்பீடு கைக்கு வரும்போதுதான் அவர் திகைத்துப்போகிறார்.

பழைய ஏடு:
நண்பர் சொல்லும் நிகழ்வில் குற்றம் வயதைக் கவனித்ததில் இல்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லத் தயங்கியதில் இருக்கிறது. வயதே கண்ணில் படக் கூடாது என்று வைத்துக்கொண்டால், இளைஞரின் உடலையும் வேகத்தையும் பொது அளவாகக் கொண்டு வேலையை அமைத்துவிட்டு, அதை நடுநிலை என்று சொல்லிக்கொள்வோம். ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் நகரிலுள்ள பிஎம்டபிள்யூ ஆலை 2007இல் இதற்கு நேர்மாறாகச் செய்து பார்த்தது. 2017இல் தன் தொழிலாளரின் சராசரி வயது 47 ஆகிவிடும் என்று கணித்து, ஓர் உற்பத்தி வரிசையில் இப்போதே அந்தச் சராசரி வரும்படி ஆட்களை அமர்த்தி, எதை மாற்ற வேண்டும் என்று அவர்களையே கேட்டது. மரத்தளம், உயரத்தை மாற்றக்கூடிய மேசை, உருப்பெருக்கிக் கண்ணாடி, திரையில் பெரிய எழுத்து என்று ஏறத்தாழ 70 சிறு மாற்றங்கள் செய்யப்பட்டன. செலவு சுமார் 40,000 யூரோ. ஓராண்டில் உற்பத்தித்திறன் 7 சதவீதம் உயர்ந்தது. வயதை எண்ணிப் பார்க்காத ஆலைக்கு இந்த யோசனையே வந்திருக்காது.

கடிகாரமுள்:
அந்த மேசை முப்பது வயதுக்காரரின் முதுகுக்கும் நல்லதுதானே? எங்கே வலிக்கிறது என்று கேட்பதற்குப் பிறந்த ஆண்டு எதற்கு? மேலும், நான் பேசியது நாற்காலியைப் பற்றியல்ல, நாவைப் பற்றி. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் தெனெரீஃபே தீவு விமான நிலையத்தில், மூடுபனிக்குள் நெதர்லாந்தின் கேஎல்எம் விமானம் ஓடத் தொடங்கியபோது, அமெரிக்காவின் பான் ஆம் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று கேஎல்எம் விமானத்தின் பொறியாளர் ஐயத்துடன் கேட்டார். தலைமை விமானி விலகிவிட்டது என்று உறுதியாகச் சொன்னதும் பொறியாளர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. இரு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற பணிவுக்கு இதைவிடப் பெரிய விலை என்ன இருக்க முடியும்?

பழைய ஏடு:
இந்த எடுத்துக்காட்டு நண்பருக்கு எதிராகவே திரும்புகிறது. தலைமை விமானிக்கு அப்போது 50 வயது, பொறியாளருக்கு 48. இரண்டு வயது வித்தியாசம் யாருடைய நாவையும் கட்டிப்போடாது, கட்டிப்போட்டது பதவி. பதவியும் வயதும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும் வரை எது எதைச் செய்கிறது என்று நமக்குத் தெரிவதில்லை. உங்கள் குழுவில் இரண்டும் வெவ்வேறு ஆட்களிடம் இருப்பதால்தான் சங்கடம் வெளியே தெரிகிறது. உங்கள் தலைவர் இடத்தில் நான் இருந்தால் அந்த மூத்தவரைத் தனியே அழைத்து, இந்தத் தொகை எப்படி வந்தது என்று முதலில் கேட்பேன்.

சிறுபொறி:
அந்தக் கேள்வியை இருபத்துநான்கு வயதுக்காரரிடமும் தனியே கேட்கலாமே, ஐயா. வயது என்றாலே மூத்தவர்களின் மனம் புண்படுவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். சட்டங்களிலும் அந்தச் சாய்வு இருக்கிறது. வேலையில் வயதுப் பாகுபாட்டைத் தடுக்கும் அமெரிக்காவின் 1967ஆம் ஆண்டுச் சட்டம் 40 வயதை எட்டியவர்களுக்கு மட்டுமே காப்பளிக்கிறது. இளையவரை விட்டுவிட்டு மூத்தவருக்குச் சலுகை தருவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2000இல் பிறப்பித்த ஆணை எல்லா வயதினருக்கும் பொருந்துகிறது என்பது ஓர் ஆறுதல். எங்கள் அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு எழுதுவதும், திரை எரியாவிட்டால் எழுந்து போய்க் கம்பியைச் சரிபார்ப்பதும் என் தலையில்தான் விழுகின்றன. நான் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும்போதே முடிவுகள் எடுக்கப்பட்டுவிடுகின்றன.

பழைய ஏடு:
அது புதிதாகச் சேர்ந்தவருக்கு எங்கும் நடப்பதுதான். வயதின் மீது பழி போடுவது பொருந்தாது.

சிறுபொறி:
எனக்குப் பிறகு நாற்பத்தெட்டு வயதில் ஒருவர் சேர்ந்தார். குறிப்பேடு அவரிடம் போகவில்லை.

அளவுகோல்:
ஆள் தேர்வில் ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில், யாரும் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வயது கூடும்போது கை வேகம் குறைகிறது. அதைக் கணக்கில் எடுப்பது ஓரவஞ்சனை ஆகாது, அனுபவ அறிவு.

பழைய ஏடு:
பாதி உண்மையை மட்டும் சொல்கிறீர்கள். திமோத்தி சால்ட்ஹவுஸ் என்ற உளவியலாளர் 19 முதல் 72 வயது வரையிலான தட்டச்சர்களை ஆராய்ந்து, 1984இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரு குறியைக் கண்டதும் விசையை அழுத்தும் சோதனையில் மூத்தவர்கள் பின்தங்கினார்கள். ஆனால் பக்கத்தைத் தட்டச்சு செய்யும் வேகத்தில் பின்தங்கவில்லை. விரல் ஓர் எழுத்தில் இருக்கும்போது அவர்களுடைய கண் இளையவர்களின் கண்ணைவிட இன்னும் சில எழுத்துகள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் விசையை அளக்கிறீர்கள், நிறுவனத்துக்குத் தேவை பக்கம்.

கடிகாரமுள்:
இது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. பக்கத்தைக் கொடுத்துத் தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டால் போதும், வயதைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

பழைய ஏடு:
எந்தச் சோதனையை வைப்பது என்று முடிவு செய்பவர்கள் யார்? அவர்கள் எல்லோரும் முப்பதுக்கு உட்பட்டவர்களாக இருந்தால், தங்களுக்கு எளிதாக வருவதைத்தான் திறமை என்று அளப்பார்கள். எல்லோரும் ஐம்பதைக் கடந்தவர்களாக இருந்தாலும் அதே கதைதான். அந்தக் குழுவில் இருப்பவர்களின் வயதையாவது கேட்டுப் பார்க்க நண்பர் சம்மதிப்பாரா?

கடிகாரமுள்:
தேர்வு செய்பவர்களின் வயதைக் கேட்கச் சம்மதம். தேர்வுக்கு வருபவரின் வயதைக் கேட்க இப்போதும் சம்மதமில்லை.