அயர்லாந்தில் டர்ஃப் வேலை: கோடையில் இறங்கும் முன்

ரோஸ்காமன், ஆஃபலி, கால்வே பக்கம் புதுசா வந்து சேர்ந்தவங்க மே மாசம் ஆனா கேக்கற கேள்வி இது: "அண்ணா, டர்ஃப் வெட்டி வித்தா கோடையில நல்ல காசாமே, நாமளும் இறங்கலாமா?" அஞ்சு கோடையா பக்கத்து வீட்டுப் பெரியவரோட சேர்ந்து இந்த வேலைக்குப் போறேன். அந்த அனுபவத்துல சொல்றேன். டர்ஃப் விக்கறதை வருமானமா நினைச்சு இறங்காதீங்க. கூலிக்குப் போகலாம், அதுவும் உங்க விசா அனுமதிச்சா மட்டும்.

ஊர்ல இப்போ டர்ஃப்னா செயற்கைப் புல் போட்ட கால்பந்து மைதானம். இங்க டர்ஃப்னா அடுப்புல எரிக்கற மண்ணு. நீர் தேங்கின சதுப்புல பாசியும் புல்லும் முழுசா மக்காம ஆயிரக்கணக்கான வருஷம் அமுங்கிக் கிடந்து உண்டானது. அந்தச் சதுப்பைத்தான் பாக்னு சொல்றாங்க. ஏறத்தாழ ஒரு வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு மீட்டர் ஆழம் தோண்டினா ஆயிரம் வருஷத்தை எடுத்துட்டோம்னு அர்த்தம். இது மனசுல இருந்தா, பின்னால சொல்லப்போற சட்டமெல்லாம் ஏன்னு புரியும்.

முன்னாடி ஷ்லான்னு ஒரு பக்கச் சிறகு வைச்ச மண்வெட்டியால கையால வெட்டினாங்க. இப்போ பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் மெஷினோட வந்து தோண்டி, அழுத்தி, நீள நீளமா வரிசை போட்டுட்டுப் போயிடுவார். நம்ம கைக்கு வேலை அதுக்கப்புறம்தான். புதுசா வெட்டின டர்ஃப்ல பத்துல ஒன்பது பங்கு தண்ணி. மேல்தோல் காஞ்சதும் புரட்டிப் போடணும். அப்புறம் அஞ்சாறு கட்டியை ஒண்ணோட ஒண்ணு சாய்ச்சு நிறுத்தி வைக்கணும், காத்து நடுவுல புகுந்து போகற மாதிரி. இதுக்குப் பேரு ஃபுட்டிங். சூளைக்குப் போறதுக்கு முன்னாடி பச்சைச் செங்கல்லை அடுக்கிக் காய வைக்கறதைப் பாத்தவங்களுக்கு உடனே பிடிபடும். ஆனா அங்க வெயில் நமக்கு வேலை செய்யும், இங்க மழை நம்ம வேலையைக் கலைக்கும். ஜூன்ல ரெண்டு வாரம் விடாம பெய்ஞ்சா நிறுத்தினதெல்லாம் சரிஞ்சு களியாகி, மறுபடி முதல்லேர்ந்து குனியணும். குனியறதுதான் இந்த வேலையே. முதல் நாள் ராத்திரி இடுப்பு வலியில எனக்குத் தூக்கமே வரல.

இப்போ விக்கற விஷயம். 2022 அக்டோபர் 31-லேர்ந்து புது விதி நடப்புல இருக்கு. கடையில, இணையத்துல, விளம்பரம் போட்டு, பொது இடத்துல வச்சு டர்ஃப் விக்கக் கூடாது. டர்பரி உரிமை இருக்கறவங்க, அதாவது ஒரு குறிப்பிட்ட பாக்ல வெட்டிக்கற பழைய பாத்தியதை உள்ளவங்க, தங்களுக்கு வெட்டிக்கலாம், அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கலாம், விக்கவும் செய்யலாம். அந்த உரிமை பெரும்பாலும் நிலத்தோட, குடும்பத்தோட தலைமுறையா வர்றது. வாடகை வீட்டுல இருக்கற நமக்கு அது இல்ல. அதனால "மூட்டை இவ்வளவு, வீட்டுக்கே கொண்டு வந்து தர்றேன்"னு வாட்ஸப் குழுவுலயோ முகநூல்லயோ போடவே போடாதீங்க.

எந்த பாக்ல வேணாலும் வெட்டலாம்னும் நினைக்காதீங்க. 1992-ல வந்த ஐரோப்பிய வாழிடப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நடுவுல மேடா எழும்பி நிக்கற 53 பாக்குகள் சிறப்புப் பாதுகாப்புப் பகுதி. அங்க வெட்டறதை நிறுத்தினவங்களுக்கு வருஷம் 1,500 யூரோன்னு 15 வருஷத்துக்கு அரசு இழப்பீடு அறிவிச்சுது. அப்படியும் சில இடங்கள்ல வெட்டறது நிக்கல. 2024 மார்ச்சுல ஐரோப்பிய ஆணையம் அயர்லாந்தை நீதிமன்றத்துக்கே கொண்டு போச்சு. தேசியப் பூங்கா, வனவிலங்குத் துறையோட இணைய வரைபடத்துல பாக் பேரைத் தேடினா பாதுகாப்புல இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும். யாராவது கூப்பிட்டா, போறதுக்கு முன்னாடி அதைப் பாத்துடுங்க.

விசா பத்தி அழுத்திச் சொல்றேன். ஸ்டாம்ப்னா இங்க எந்த வகையில தங்கலாம், வேலை செய்யலாம்னு காட்டற அனுமதி முத்திரை. ஸ்டாம்ப் 2-ல படிக்க வந்த தம்பி தங்கைகள் ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் வாரம் 40 மணி நேரம் வேலை செய்யலாம். ஆனா ஒருத்தர்கிட்ட ஊழியரா மட்டும்தான். சொந்தத் தொழில் கூடாது. நர்ஸ் வேலைக்கு வந்தவங்களோட கணவரோ மனைவியோ ஸ்டாம்ப் 1ஜி-ல இருந்தா அவங்களுக்கும் வேலைக்குப் போக அனுமதி உண்டு, தொழில் நடத்த இல்ல. வேலை பெர்மிட்ல இருக்கறவங்க பெர்மிட்ல எழுதியிருக்கற வேலையை விட்டு வேற கூலிக்குப் போகாதீங்க. ஸ்டாம்ப் 4 வந்தவங்களுக்கு இந்தக் கட்டு இல்ல, ஆனா கிடைக்கற காசை ரெவின்யூவுக்கு, அதாவது வரித்துறைக்கு, காட்டணும்.

போன வருஷம் எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு மாணவன் மூணு வாரம் ஃபுட்டிங் செஞ்சான். பேசினது "கையில காசு". கடைசியில மழையைக் காரணம் காட்டிப் பாதிகூடக் கொடுக்கல. சம்பளச் சீட்டு இல்ல, பிபிஎஸ் எண் (வரிக்கும் அரசுச் சேவைக்கும் ஒவ்வொருத்தருக்கும் இருக்கற தனி எண்) கேட்டு வாங்கினதும் இல்ல. புகார் கொடுத்தா விசாவுக்கு என்ன ஆகுமோன்னு பயந்து விட்டுட்டான். அவன் முகத்தை நினைச்சா எனக்கு இன்னும் ஆறல. பிபிஎஸ் எண்ணோட, சம்பளச் சீட்டோட மட்டும் போங்க. பெரியவங்களுக்குச் சட்டப்படி குறைஞ்சபட்சக் கூலி 2025-ல மணிக்கு 13.50 யூரோவா இருந்துச்சு. வரிசைக் கணக்குல கூலி பேசினாலும், மணிக்கு இப்போ நடப்புல இருக்கற குறைஞ்சபட்சத்துக்குக் கீழே இறங்குதான்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

வீட்டுல எரிக்கறதுக்கு வாங்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. வாசனை மனசுக்கு இதமா இருக்கும், ஆனா புகையில இருக்கற நுண்துகள் நெஞ்சுக்கு ஆகாது. ஆஸ்துமா இருக்கற குழந்தை உள்ள வீட்டுல வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு சொன்னாலும் பாக் பக்கமே போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன். இங்க மெஹல்னு ஒரு பழக்கம் உண்டு. நாத்து நடவுக்கு இவங்க வயலுக்கு அவங்களும் அவங்க வயலுக்கு இவங்களும் மாறி மாறிப் போற மாதிரி, அக்கம்பக்கம் கூடி ஒருத்தர் வேலையை முடிச்சுக் கொடுக்கறது. அப்படி ஒரு சனிக்கிழமை நானும் போய் வேலை செஞ்சதுக்கு அப்புறம்தான் எங்க தெருவுல என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சாங்க. என் மனைவிக்கு ராத்திரி ஷிஃப்ட் இருக்கறப்ப பையனைப் பாத்துக்கறதும் அந்தப் பெரியவர் வீட்டுலதான். அவர் அடுத்த வாரமே ஒரு டிரெய்லர் டர்ஃப் கொண்டு வந்து இறக்கினார். காசு கேக்கவே இல்ல.

போறப்ப முழுக்கால் பேண்ட், நீளக் கால்பூட்ஸ், கையுறை கட்டாயம். உண்ணி கடிச்சா லைம் நோய் வரலாம், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள் எல்லாம் பாத்துடுங்க. தண்ணி தேங்கின பள்ளம் மேல பாசி மூடி சமதரை மாதிரி தெரியும். குழந்தைகளைக் கை விடாதீங்க. சாப்பாடு அவங்க ஹாம் சாண்ட்விச்தான் எடுத்து வருவாங்க. நான் புளியோதரை கட்டிட்டுப் போவேன், இப்போ பெரியவருக்கும் சேர்த்து.