பேசர்ஸ் உண்மையிலேயே பெரிய டீமா, இல்ல நாலு ஷாட்டு பில்டப்பா?

முக்கூடல்_கார்டு:
2025 என்பிஏ (அமெரிக்க கூடைப்பந்து லீக்) பிளேஆஃப் முடிஞ்சதுலேர்ந்து பாளையில கோர்ட்டுப் பக்கம் எப்ப போனாலும் இதே பஞ்சாயத்துதான். இண்டியானா பேசர்ஸ் சீசன்ல 50 ஜெயிச்சு 32 தோத்து (50-32), கிழக்குப் பிரிவுல நாலாவது இடம். அப்புறம் மில்வாக்கிய 4-1, கிளீவ்லாண்ட 4-1, நியூயார்க்க 4-2-னு அடிச்சு ஃபைனல் வந்தாவ. அங்க ஓக்லஹோமாகிட்ட 3-4. ஒரு கோஷ்டி "சாம்பியனுக்குச் சமமான டீம்"ங்காவ. இன்னொரு கோஷ்டி "பேசர்ஸ் கார்டு (பந்தக் கொண்டு வர்ற ஆட்டக்காரர்) ஹாலிபர்ட்டன் கடைசி நொடியில போட்ட நாலு ஷாட்ட எடுத்துட்டா சாதா டீம்"ங்காவ. பிடிக்கும் பிடிக்காதுங்கிற பேச்சு வேண்டாம். எத வச்சு அளக்கணும், அத மட்டும் சொல்லுங்க.

டவுன்_ஸ்கோர்ஷீட்:
ஜெயிச்சது தோத்தத விடுங்க தம்பி, புள்ளி வித்தியாசத்தக் கூட்டுங்க. மில்வாக்கி சீரிஸ்ல +38, கிளீவ்லாண்ட் +17, நியூயார்க் +11, ஓக்லஹோமா −19. மொத்தம் 23 மேட்ச்ல +47, மேட்ச்சுக்கு ரெண்டு புள்ளிதான். சீசன் முழுக்க அவங்களுக்கு இருந்ததும் ஏறக்குறைய அதே ரெண்டு புள்ளி. ஆக டீம் மாறல, முடிவுதான் மாறிச்சு.

அந்த நாலு மேட்ச்சையும் பாருங்க. மில்வாக்கிகூட அஞ்சாவது மேட்ச், ஓவர்டைம்ல 40 செகண்ட் இருக்கும்போது 7 புள்ளி பின்னால, முடிவு 119-118. கிளீவ்லாண்ட் ரெண்டாவது மேட்ச், கடைசி நிமிஷத்துல 7 பின்னால, 120-119. நியூயார்க் முதல் மேட்ச், மூணு நிமிஷத்துக்கும் கீழ இருக்கையில 14 பின்னால, ஓவர்டைம் போயி 138-135. ஃபைனல் முதல் மேட்ச், 0.3 செகண்ட் மிச்சம், 111-110. நாலையும் சேத்தா ஆறே புள்ளி. இது அந்தப் பக்கம் சாஞ்சிருந்தா 15-8ங்கிறது 11-12. நியூயார்க் மேட்ச்ல ரிங்கோட பின்பக்கம் பட்டு பலகை உயரத்துக்கு எழும்பி உள்ள விழுந்த பந்து இருக்குல்லா, அதத் திறமைன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

வள்ளியூர்_டிஃபென்ஸ்:
அண்ணாச்சி, கூட்டல் சரி, ஆனா பாதியில நிறுத்திட்டீய. சீசன்ல வர்ற +2, 29 டீமையும் சேத்து வந்தது. பிளேஆஃப்ல வர்ற +2 யாருகிட்ட? ஓக்லஹோமா 68-14, மேட்ச்சுக்கு சுமார் 13 புள்ளி வித்தியாசத்துல ஜெயிச்ச டீம். கிளீவ்லாண்ட் 64-18, அதுக்கு ஒன்பதரை. நியூயார்க் நாலு, மில்வாக்கி ரெண்டரை. ஆடின மேட்ச் கணக்குக்கு ஏத்தாப்ல சராசரி எடுத்தா எதிராளி பலமே ஏழரை வருது. அதுக்கு மேல ரெண்டு. சாதா டீமுக்கு எதிரா ஒன்பது, பத்துன்னு வச்சுக்கிடலாம். இது நாலாவது இடத்து டீமோட கணக்கே இல்ல.

சீசன் கணக்குலயும் ஒரு ஓட்டை இருக்கு. ஆரம்பத்துல 10-15. பேசர்ஸ் ஆட்டக்காரங்க நெம்ஹார்ட், நெஸ்மித் ரெண்டு பேரும் காயத்துல பல மேட்ச் உட்கார்ந்திருந்த நேரம். அதுக்கப்புறம் 40-17. பிளேஆஃப்ல ஆடினது இந்த ரெண்டாவது டீம்.

கடைசி நேரத்துல எதிராளி ஏன் சறுக்கினான்ங்கிறதுக்கும் காரணம் உண்டு. பேசர்ஸ் கூடை போட்ட அடுத்த நொடியே நெம்ஹார்ட் இல்லைன்னா மெக்கானல், பந்து கொண்டு வர்றவன அவன் எல்லையிலயே பிடிப்பாவ, இதுதான் பிரஸ். பந்தப் பறிக்க இல்ல. ரெண்டு தடவ திசை திருப்பி வளைஞ்சு வர வைக்கத்தான். 24 செகண்ட் கடிகாரத்துல ஏழு எட்டு அங்கேயே போயிரும். முதல் ஸ்க்ரீன் (கூட்டாளி குறுக்க நின்னு வழி பண்ணிக் குடுக்கது) பலிக்கலன்னா ரெண்டாவதுக்கு நேரம் கிடையாது. இத 40 நிமிஷம் வாங்குன கார்டுக்குக் கடைசி நாலு நிமிஷத்துல கால் செத்துப்போகும். ஷாட் முன் ரிங்லயே பட்டுத் திரும்பும். பத்து ஆள மாத்தி மாத்தி இறக்கின கோச் கார்லைல் டீம் அப்பவும் ஓடிட்டு இருக்கும்.

முக்கூடல்_கார்டு:
அப்ப காயம்? எதிர் டீம்ல ஆளே இல்லாம ஜெயிச்சதுன்னு சொல்லுதாவளே. இந்த மாதிரி பிரஸ்ஸ நம்ம டோர்னமெண்ட்ல ஆடலாமா?

டவுன்_ஸ்கோர்ஷீட்:
காயத்துக்குக் கொஞ்சம் கழிச்சுத்தான் ஆகணும். மில்வாக்கில லில்லர்டு முதல் மேட்ச் இல்ல, நாலாவதுல அகிலிஸ் (குதிகால் நரம்பு) கிழிஞ்சு போயிட்டாரு. கிளீவ்லாண்ட்ல கார்லண்ட் முதல் ரெண்டு மேட்ச் இல்ல. ரெண்டாவதுல மோப்லி, ஹண்டரும் இல்ல. அந்த 120-119-அ நான் பாதி மதிப்புக்குத்தான் எடுப்பேன். 2024-லயும் இதே புகார் இருந்துச்சு, பாஸ்டன்கிட்ட 0-4-னு போனதும் எல்லாரும் "பாத்தியளா"ன்னாவ.

ஆனா எதிராளி பலத்த நான் சேக்காம விட்டது தப்புதான். அதோட அதிர்ஷ்டம் ஒரே பக்கமும் அடிக்கல. ஃபைனல் நாலாவது மேட்ச்ல மூணு குவார்ட்டர் முடிஞ்சு 87-80 முன்னால இருந்தாவ, கடைசி அஞ்சு நிமிஷத்துல ஓக்லஹோமா கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர் 15 புள்ளி போட்டு எடுத்துட்டுப் போயிட்டாரு. ஏழாவது மேட்ச்ல மூணு த்ரீ (மூணு புள்ளி ஷாட்) போட்டு 9 புள்ளியோட இருந்த ஹாலிபர்ட்டன் முதல் குவார்ட்டர்லயே அகிலிஸ் கிழிஞ்சு விழுந்தாரு. அப்படியும் 91-103 வரைதான் போச்சு. பில்டப்புங்கிற வார்த்தைய வாபஸ் வாங்கிக்கிடுதேன். சாம்பியனுக்குச் சமம்ங்கிறத மட்டும் இன்னும் ஒத்துக்கல, −19 −19தான்.

இன்னொண்ணு, அடுத்த சீசன் டேபிளக் காட்டி யாராவது வந்தா விரட்டி விடுங்க. ஹாலிபர்ட்டன் அந்த சீசன் முழுக்க இல்ல, உயரமான ஆளு டர்னர் மில்வாக்கிக்குப் போயிட்டாரு. அது வேற டீம்.

வள்ளியூர்_டிஃபென்ஸ்:
பிரஸ் நம்ம ஊருக்கு: அங்க 48 நிமிஷம், ஆறு ஃபவுல். இங்க 40 நிமிஷம், அஞ்சு ஃபவுல். குவார்ட்டர்ல அஞ்சாவது டீம் ஃபவுல்லேர்ந்து எதிராளிக்கு ஃப்ரீ த்ரோ. நம்ம பையங்க பந்தத் தொடணும்னு கைய நீட்டுவானுவ, அங்கதான் கெடும். கை பின்னால, நெஞ்சு முன்னால, பக்கக்கோட்டுப் பக்கம் தள்ளிக்கிட்டே போகணும். நடுவுல வழி விட்டா அவனுவ அஞ்சு பேருக்கு நம்மாளு நாலு, நேரா கார்னர் த்ரீதான். நம்ம டீம் உயரமான பையன் முன்னால ஏறிப் போகக்கூடாது, நம்ம கூடைப் பக்கம் பின்னாலயே நிக்கணும்.

அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்க கார்ட மாத்த நாலு பேராவது வேணும். ரெண்டு பேர்தான் இருக்கான்னா, நம்மாளு ஃப்ரீ த்ரோ போட்ட பிறகு மட்டும் பிடிங்க. அப்ப எல்லாரும் இடத்துல நின்னுருப்பாவ, ஓடிப்போய் ஆள் தேட வேண்டாம்.